ஹகோடாடே போகிற ரயில் ஏன் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது?

அக்டோபரில் டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில், ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இருக்கிற ஹகோடாடேக்குப் போகப்போகும் ஒருவர் கேட்டிருந்தார்: "டிக்கெட்டில் ஷின்-ஹகோடாடே-ஹொக்குட்டோ என்று போட்டிருக்கிறது. மேப்பில் பார்த்தால் ஸ்டேஷனைச் சுற்றி வயல்தான் தெரிகிறது, ஊர் 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜப்பான்காரர்களே இப்படிச் செய்வார்களா? யாராவது அரசியல்வாதி முன்கூட்டியே அங்கே நிலம் வாங்கிப் போட்டிருந்தாரா?" கீழே வந்த பதில்களில் பாதிப் பேர் நிலம் மலிவு என்று சொல்லியிருந்தார்கள், மீதிப் பேர் எல்லா நாட்டிலும் இதே கதைதான் என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. அந்த ஸ்டேஷன் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதுதான் அது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் 18 கிலோமீட்டர் ஏன் என்பது தானாகப் புரிந்துவிடும்.

நான் ரயில் பாதை வடிவமைப்பில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். வளைவு எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு, பாதையை எந்த ஊர் வழியாகக் கொண்டுபோவது என்று கோடு போடுகிற வேலை. அதில் சில வருடங்கள் ஜப்பானின் வடக்குப் பக்கம் கழிந்தன. ஆகவே பாதையைப் பற்றிச் சொல்வதை நம்பிச் சொல்கிறேன். எத்தனை பேர் ஏறுவார்கள், ஊர்ப் பொருளாதாரம் என்ன ஆகும் என்பதெல்லாம் என் தொழில் இல்லை, அந்த இடம் வரும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய ஹகோடாடே ஸ்டேஷனுக்கு வருவோம், ஏனென்றால் விஷயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு பிப்ரவரி மாதம் முதல்முறை அங்கே இறங்கியபோது நான் முதலில் கவனித்தது பிளாட்ஃபாரத்தை. நேராக இல்லை, வில் மாதிரி வளைந்திருக்கிறது. ஒரு முனையில் நின்று பார்த்தால் ரயிலின் கடைசிப் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. அந்த வளைவு போய் முட்டுகிற இடத்தில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது, அதற்கு அப்பால் துறைமுகம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் மாஷூ மாரு என்ற பழைய கப்பல் கரையில் கட்டிக் கிடக்கிறது, இப்போது அது அருங்காட்சியகம். அதன் பக்கத்திலேயே கப்பலையும் கரையையும் இணைத்த, ஏற்றி இறக்கக்கூடிய பாலத்தின் மிச்சமும் இருக்கிறது. அந்தப் பாலத்தின் மேல் ஓடியது ரயில். சரக்குப் பெட்டிகளை அப்படியே கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள், உள்ளே நான்கு வரிசைத் தண்டவாளம், 48 பெட்டிகள் வரை நிற்கும். அந்தப் பக்கம், ஜப்பானின் பெரிய தீவின் வடக்கு முனையில் இருக்கிற அவோமோரியில், மறுபடி வெளியே இழுத்து எஞ்சினில் கோர்ப்பார்கள். அவோமோரிக்கும் ஹகோடாடேக்கும் நடுவே 113 கிலோமீட்டர் கடல், கப்பலுக்கு 3 மணி 50 நிமிடம்.

அதாவது அந்த ஸ்டேஷனைக் கட்டியவர்கள் மனதில் இருந்தது கப்பல்தான். ஹொக்கைடோ தீவுக்குள் நுழைகிறவர் எல்லாரும் கப்பலிலிருந்து இறங்கி அங்கே ரயில் ஏறினார்கள், வெளியேறுகிறவர் எல்லாரும் அங்கே ரயிலை விட்டுக் கப்பல் ஏறினார்கள். தண்ணீர் விளிம்பில், முட்டுச்சந்தில் ஸ்டேஷன் இருந்தது தப்பே இல்லை, அங்கேதான் இருந்தாக வேண்டும். 1954 செப்டம்பர் 26 அன்று புயலில் டோயா மாரு என்ற அந்த வழித்தடத்துக் கப்பல் கவிழ்ந்து 1,155 பேர் இறந்துபோனார்கள். கடலுக்கு அடியில் சுரங்கம் என்ற யோசனை முன்பே இருந்ததுதான், ஆனால் இந்த விபத்துக்குப் பிறகு யாரும் அதைத் தள்ளிப்போட முடியவில்லை. 53.85 கிலோமீட்டர் செய்கான் சுரங்கம் 1988 மார்ச் 13 அன்று திறந்தது, அன்றைக்கே கப்பல் சேவையும் முடிந்தது. கப்பல் போய்விட்டது, ஆனால் ஸ்டேஷன் இன்னமும் கடலைப் பார்த்துத்தான் நிற்கிறது.

இப்போது பாதையைப் போடுகிறவன் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறீர்கள், கிக்கொனாய் என்ற ஊரைத் தாண்டி வளைகுடாவின் கரையை ஒட்டி வடகிழக்கே போகிறீர்கள். போய்ச் சேர வேண்டிய இடம் ஹொக்கைடோவின் தலைநகரமான சப்போரோ, அது வடக்கே இருக்கிறது. ஹகோடாடேயோ தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற நிலத்தில் இருக்கிறது. உள்ளே போனால் போன வழியே திரும்பி வர வேண்டும். இது வெறும் மேப் கணக்கு இல்லை, பழைய நாளில் நிஜமாகவே நடந்தது. டோக்கியோவின் உவேனோவிலிருந்து சப்போரோ போன ஹொக்குட்டோசெய் என்ற இரவு ரயில், 1988 முதல் 2015 வரை ஓடியது, விடியற்காலையில் ஹகோடாடேக்குள் நுழையும். மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டு மறுமுனையில் இரண்டு டீசல் எஞ்சின்களை மாட்டுவார்கள், அப்புறம் ரயில் பின்பக்கமாகக் கிளம்பும். அதைப் பார்ப்பதற்கென்றே தூக்கக் கலக்கத்தோடு பிளாட்ஃபாரத்தில் இறங்கி, கேமராவோடு அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓடுவார்கள். இரவு ரயிலில் அது வேடிக்கை. விமானத்தோடு போட்டி போடுகிற ரயிலில் அது தண்டனை. உள்ளே போய், ஓட்டுநர் முனை மாறி, வெளியே வர அரை மணி நேரம் தாராளமாகப் போகும் என்பது என் கணக்கு. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்துக்கும் சப்போரோவின் ஷின்-சிட்டோசே விமான நிலையத்துக்கும் நடுவே ஓடுகிற விமானத் தடம் உலகிலேயே கூட்டம் மிகுந்தவற்றில் ஒன்று. அதோடு மோதப்போகிற ரயில், டோக்கியோ முதல் சப்போரோ வரை ஐந்து மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்று நிமிடம் நிமிடமாகச் சேமிக்கிற ரயில், அரை மணியைத் தூக்கிக் கொடுக்காது.

"திரும்பிப் போகிற ரயிலே ஜப்பானில் இல்லையா?" என்று கேட்டால், இருக்கிறது. அகிடா போகிற கொமாச்சி ரயில் ஓமகாரியில் திசை மாறும், அங்கிருந்து அகிடா வரை பயணிகள் முதுகு காட்டியபடியே போவார்கள், யாரும் இருக்கையைத் திருப்புவதில்லை. ஆனால் அகிடா அந்தப் பாதையின் கடைசி ஊர், எல்லாரும் அங்கேதான் இறங்குகிறார்கள். ஹகோடாடே நடுவழி ஊர். அதோடு வளைவு ஒரு பிரச்சனை. 260 கிலோமீட்டர் வேகத்துக்குப் போடுகிற ஷின்கான்சென் பாதையில் வளைவின் ஆரம் பொதுவாக 4,000 மீட்டருக்குக் குறையாது. ஹகோடாடே ஸ்டேஷன் வளைவு சில நூறு மீட்டர்தான். அந்த வேகத்துக்குரிய கோட்டை அந்த ஊருக்குள் எப்படிப் போட்டாலும் வீடுகளின் மேல்தான் போகும்.

ஆக, 1973ல் அவோமோரியிலிருந்து சப்போரோ வரை என்று அரசு இந்தப் பாதையை முடிவு செய்தபோதே, ஹகோடாடே பக்கத்தில் எங்கேயோ ஒரு நிறுத்தம் என்பதுதான் நிலைமை, ஹகோடாடேக்குள் என்று இல்லை. வளைகுடாவைச் சுற்றி வருகிற புதிய கோடு, ஹகோடாடேயிலிருந்து வடக்கே போகிற பழைய பாதையைத் தொடுகிற இடத்தில் ஏற்கனவே ஒரு சின்ன ஸ்டேஷன் இருந்தது. ஓஷிமா-ஓனோ என்று பெயர், கடைசிக் காலத்தில் ஊழியரே இல்லாத ஸ்டேஷன். எனக்குப் பிடித்த தகவல் ஒன்று சொல்கிறேன்: 1902 டிசம்பர் 10 அன்று ஹகோடாடேயிலிருந்து முதல் ரயில் கிளம்பியபோது பாதை முடிந்த இடம் இதுதான், அப்போது ஹொங்கோ என்று பெயர். நூறு வருடம் கழித்து அதே வயல்வெளி மறுபடியும் ஒரு பாதைக்குக் கடைசி ஸ்டேஷன் ஆகிவிட்டது. வயல் என்று சும்மா சொல்லவில்லை, ஹொக்கைடோவில் முதன்முதலில் நெல் விளைந்த இடம் என்று நினைவுக்கல் நட்டு வைத்திருக்கிற வட்டாரம் அது.

நிலம் மலிவு என்று சொன்னவர்களுக்கு: மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது காரணம் ஆகாது, கோடு அங்கே விழுந்தது திசையால். பணம் உள்ளே வருகிற விதம் வேறு. இந்த மாதிரிப் பாதைகளை அரசு நிறுவனம் கட்டி, ரயிலை ஓட்டுகிற ஜேஆர் கம்பெனிக்கு வாடகைக்கு விடுகிறது. வாடகையில் ஈடாகாத செலவில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசும் ஒரு பங்கை உள்ளூர் அரசுகளும் போடுகின்றன. அந்த ஒரு பங்கு ஹொக்கைடோ நிர்வாகத்துக்கே பாரம். அதன் மேல் ஹகோடாடேக்குள் தனிக் கிளை ஒன்று என்று யாராவது சொன்னால் அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்ற பேச்சிலேயே கூட்டம் முடிந்துவிடும்.

சரி, அரசியலே இல்லையா? அரசியல்வாதி நிலம் வாங்கினார் என்பதற்கு இந்த ஸ்டேஷன் விஷயத்தில் நான் ஆதாரம் எதையும் பார்த்ததில்லை, அங்கே வேலை பார்த்த யாரும் அப்படிப் பேசியும் கேட்டதில்லை. அந்தச் சந்தேகம் ஜப்பானியர்களுக்கே பழக்கமானதுதான், ஆனால் அவர்கள் விரல் நீட்டுவது வேறொரு ஸ்டேஷனை. 1964ல் டோக்கியோ-ஒசாகா பாதையோடு திறந்த கிஃபு-ஹாஷிமா. அதுவும் வயல் நடுவே கட்டியதுதான், முன்வாசலில் ஓனோ பன்போக்கு என்ற அந்தக் கால அரசியல் தலைவரும் அவர் மனைவியும் சிலையாக நிற்கிறார்கள், பார்த்தவுடன் யாரும் இவர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் அங்கேயும் செகிகஹாராவின் பனியில் ரயில்கள் சிக்கும்போது ஒதுங்கி நிற்க நாகோயாவுக்கும் மைபராவுக்கும் நடுவே ஒரு இடம் தேவை என்ற காரணம் ரயில்வேக்கு இருந்தது. மாகாண அரசு கிஃபு நகரத்துக்குள் வரச் சொன்னது, ரயில்வே நேர்கோட்டில் போகவே விரும்பியது, நடுவில் அந்தத் தலைவர் சமரசம் செய்து வைத்தார். சிலைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

ஹகோடாடேயில் நிஜமாக நடந்த சண்டை பெயரைப் பற்றியது. ஸ்டேஷன் நிற்கிற மண் ஹகோடாடே நகராட்சிக்குச் சொந்தமில்லை. 2006ல் கமிஇசோ, ஓனோ என்ற இரண்டு ஊர்கள் சேர்ந்து ஹொக்குட்டோ என்ற புது நகரமாயின, ஸ்டேஷன் அவர்கள் எல்லையில். பல வருடமாகத் தற்காலிகப் பெயர் ஷின்-ஹகோடாடே, அதாவது புது ஹகோடாடே. அதையே வைக்கச் சொன்னது ஹகோடாடே, சுற்றுலாப் பயணிக்கு ஹொக்குட்டோ என்றால் என்னவென்று தெரியாது என்ற வாதத்தோடு. எங்கள் ஊரில் ஸ்டேஷன், எங்கள் பெயர் முதலில் வரட்டும், ஹொக்குட்டோ-ஹகோடாடே என்று வையுங்கள் என்றது ஹொக்குட்டோ. 2014 ஜூனில் ஜேஆர் ஹொக்கைடோ இரண்டையும் ஒட்டி இந்த நீளப் பெயரை அறிவித்தது. பங்காளிகள் இருவரும் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைப் போடச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான். சும்மா சொல்லக்கூடாது, ஹொக்குட்டோ இந்த ஸ்டேஷனை விளம்பரப்படுத்த முழுமூச்சாக இறங்கியது. அவர்கள் நகரச் சின்னம் ஹொக்கி சிப்பி சுஷிக்குக் கைகால் முளைத்த மாதிரி ஒரு பொம்மை, பார்த்தால் இரவு கனவில் வரும்.

2016 மார்ச் 26 அன்று திறந்தார்கள். அவோமோரிப் பக்கத்திலிருந்து 149 கிலோமீட்டர், தினம் 13 ஜோடி ரயில், அதில் 10 டோக்கியோ வரை. அப்போது டோக்கியோவிலிருந்து வேகமான ரயிலுக்கு 4 மணி 2 நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக எவ்வளவு பேர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் பயணி விமானத்துக்குப் போய்விடுவார் என்று ஜப்பானில் ஒரு நம்பிக்கை, நான்கு மணிச் சுவர் என்றே சொல்வார்கள். சுவரைத் தாண்டத் தடையாக இருந்தது சுரங்கம்தான். சுரங்கத்தையும் சேர்த்து 82 கிலோமீட்டருக்கு ஷின்கான்செனும் சரக்கு ரயிலும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, மூன்று தண்டவாளம் போட்டு: 1,435 மில்லிமீட்டர் அகலம் ஷின்கான்செனுக்கு, 1,067 சரக்கு ரயிலுக்கு. எதிரே பறந்து வருகிற ஷின்கான்சென் கிளப்புகிற காற்றழுத்தத்தில் சரக்குப் பெட்டிகள் ஆட்டம் கண்டால் என்ன செய்வது என்று வேகத்தை மணிக்கு 140 கிலோமீட்டருக்குக் கட்டிப்போட்டார்கள். 2019ல் 160 ஆக்கிய பிறகுதான் பயண நேரம் நான்கு மணிக்குக் கீழே வந்தது. சரக்கு ரயில் குறைவாக ஓடுகிற சில விடுமுறை நாட்களில் மட்டும் அதைவிட வேகமாக விடுகிறார்கள். ஹொக்கைடோவின் உருளைக்கிழங்கும் வெங்காயமும் தெற்கே வருவது இந்தச் சுரங்கம் வழியாக, ஆகவே சரக்கை நிறுத்து என்று யாரும் வாய் திறக்க முடியாது.

உங்கள் கேள்விக்கு நிஜமாகவே கூர்மை இருக்கிற இடம் இங்கேதான். ஹகோடாடே விமான நிலையம் ஊரிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான், பஸ்ஸில் இருபது நிமிடம். விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது, ரயில் ஸ்டேஷன் தூரத்தில் இருக்கிறது, உலகத்தில் வழக்கமாக இருப்பதற்கு நேர் தலைகீழ். நான்கு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்தவர் இறங்கி இன்னொரு ரயில் ஏற வேண்டும். முதல் வருடம் இருக்கைகளில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியது, அடுத்த வருடம் இன்னும் குறைந்தது. இதற்கு எத்தனை பங்கு தூரம் காரணம், எத்தனை பங்கு விமானம் காரணம் என்று பிரித்துச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் பாதையைப் போட்டவர்கள் கணக்கில் இது நடுவழி நிறுத்தம், சப்போரோ திறக்கும் வரை சில வருடம் கடைசி ஸ்டேஷனாக இருந்து சமாளித்துக்கொள்ளும் என்பதுதான் திட்டம். அந்தச் சில வருடம்தான் நீண்டுகொண்டே போகிறது. மிச்சம் இருக்கிற 212 கிலோமீட்டரில் எண்பது சதவீதம் சுரங்கம், அதில் யோதெய் மலைப் பக்கம் தோண்டும் எந்திரத்துக்கு முன்னால் பெரிய பெரிய பாறைகள் வந்து மாட்டிக்கொண்டன. 2030 நிதியாண்டின் முடிவில் திறப்பது என்ற இலக்கைக் கைவிட்டு, இப்போது 2038 நிதியாண்டின் முடிவு வாக்கில் என்று பேசுகிறார்கள். மலைக்குள் என்ன இருக்கிறது என்று துளைத்தால்தான் தெரியும், ஆகவே அந்தத் தேதியையும் நான் பென்சிலில்தான் எழுதி வைப்பேன்.

இதனால் ஹகோடாடேக்குப் பழைய ஆசை திரும்ப வந்திருக்கிறது. 2023ல் ஜெயித்த மேயர், ஷின்கான்செனை ஊருக்குள் கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். இருக்கிற 18 கிலோமீட்டர் பழைய பாதையில் கூடுதலாக ஒரு தண்டவாளம் போட்டு ஷின்கான்சென் பெட்டிகளை ஹகோடாடே வரை ஓட்டுவது யோசனை. நகராட்சி செய்யச் சொன்ன ஆய்வு 2024ல் வந்தது, தொழில்நுட்ப ரீதியாக முடியும் என்றது. முடியும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, யமகதாவிலும் அகிடாவிலும் பழைய பாதையை அகலப்படுத்தி ஓட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் மின் அழுத்தம் வேறு, பழைய பாதையில் லெவல் கிராசிங்குகள் இருக்கின்றன, ஷின்கான்சென் பெட்டி அகலம் என்பதால் பிளாட்ஃபார விளிம்புகளில் வேலை இருக்கும், பனிக்காலத்தில் மூன்று தண்டவாளத்துக்கு நடுவே ஐஸ் இறுகுவதைப் பற்றித் தண்டவாள ஆட்களைக் கேட்டால் கண்ணீர் விடுவார்கள். மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்கும் கீழே இறங்கி இன்னும் குறைந்துகொண்டிருக்கிற ஊர் அது. என் சொந்தக் கருத்து, கட்டினால் நன்றாகத்தான் இருக்கும், கட்டமாட்டார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. டோக்கியோவிலிருந்து அங்கே போகிற ஷின்கான்செனுக்கு ஹயபுசா என்று பெயர், அதில் எல்லாமே முன்பதிவு இருக்கைதான், சும்மா போய் ஏற முடியாது. கிக்கொனாய் தாண்டியதும் வலதுபக்க ஜன்னலில் வளைகுடாவும் அதற்கு அப்பால் ஹகோடாடே மலையும் கொஞ்ச நேரம் தெரியும், 334 மீட்டர்தான் என்றாலும் தனியாகக் கடலில் மிதக்கிற மாதிரி இருக்கும். நீங்கள் போகவேண்டிய ஊர் அந்தப் பக்கம் விலகிப் போவதை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம், நான் மேலே எழுதியதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். இறங்கியதும் வெளியே போகாதீர்கள். முதல் தடவை ஊரைப் பார்க்கலாம் என்று வாசலுக்குப் போனேன், வாடகைக் கார் ஆபீசுகளும் பனி மூடிய வயலும்தான் இருந்தன, திரும்பி ஓடி வருவதற்குள் ஊருக்குள் போகிற ஹகோடாடே லைனர் ரயில் கிளம்பிவிட்டது. ஷின்கான்சென் வரும் நேரத்தை ஒட்டித்தான் லைனரை விடுகிறார்கள், ஒன்றை விட்டால் காத்திருக்க வேண்டியதுதான். சில ரயில்களுக்குப் படிகூட ஏற வேண்டாம், இடையில் இருக்கிற கேட்டைத் தாண்டினால் எதிரே நிற்கும். பெரும்பாலும் மூன்று பெட்டிதான், சுவரை ஒட்டிய நீள இருக்கை, எல்லார் முழங்காலுக்கு முன்னாலும் ஒரு சூட்கேஸ். பதினைந்து முதல் இருபது நிமிடத்தில் அந்த வளைந்த பிளாட்ஃபாரத்தில் இறக்கிவிடும், வெளியே வந்ததும் காலைச் சந்தை.

இன்னொன்று, அக்டோபர் என்கிறீர்கள். ஒனுமா ஏரியில் இலை நிறம் மாறுகிற சமயம். அது ஹகோடாடேக்கு எதிர்த்திசையில், இந்த வயல்வெளி ஸ்டேஷனிலிருந்து ஹொக்குட்டோ எக்ஸ்பிரஸில் பத்து நிமிடம்தான். ஆகவே வருகிற அன்றோ திரும்புகிற அன்றோ ஒனுமாவை வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குள் போய்த் திரும்பி வந்து பார்க்காதீர்கள். பெட்டியை வைக்க ஸ்டேஷனில் லாக்கர் இருக்கிறது, ஆனால் பெரிய லாக்கர்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.